நடுவில் வெயில் விழுந்த குடை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எல்லா ஊர் ராஜாவும் ஒன்றுதான். யானைமேல் போகும்போது தம் தலைக்குமேல் பிடிக்கிற பட்டுக்குடை சிறியதாக இருக்கிறது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது.

"குடையின் விட்டத்தை நூற்றுக்கு ஐம்பது கூட்டுங்கள்" என்று உத்தரவு போட்டார்.

பொக்கிஷக்காரர் விருத்தகிரி, பழைய குடைக்கு ஆன பட்டைவிட நூற்றுக்கு ஐம்பது கூட்டி நிறுத்துக் கொடுத்தார். குடை செய்கிற செங்கோடன் விரித்துப் பார்த்தான். பட்டு போதவில்லை. ராஜாவிடம் போய்ச் சொன்னான்.

"திருடிவிட்டான், மகாராஜா. குடையும் ஒன்றரை, பட்டும் ஒன்றரை. மீதி எங்கே? இவனைச் சிபாரிசு செய்தவர் நம் விகடகவிதான்" என்றார் விருத்தகிரி. விகடகவி நல்லாண்டிமேல் அவருக்கு ரொம்ப நாள் எரிச்சல்.

ராஜா யோசிக்கவா போகிறார்? "கொடுத்த பட்டிலேயே நாளைக்குக் குடை வரவேண்டும். இல்லையேல் அவன் வலக்கையை வெட்டுங்கள்."

செங்கோடன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. நல்லாண்டி தேடி வந்தார்.

"ஒரு நூலைக்கூட நான் எடுக்கலை, சாமி."

"தெரியும்டா. அழாம ஊசியை எடு. ஓரத்திலேருந்து உள்ளே தைச்சுக்கிட்டே போ. பட்டு தீர்ந்த இடத்திலே நிறுத்து."

மறுநாள் ஊர்வலம். பாகனுக்கு நிழல். பின்னால் கவரி வீசுகிறவனுக்கு நிழல். நடுவில் உட்கார்ந்த ராஜாவுக்கு மட்டும் வெயில். கிரீடம் அடுப்பில் வைத்த சட்டியாகக் காய்ந்தது.

"நல்லாண்டி, இது என்ன ஓட்டை?"

"விட்டம் உத்தரவுப்படிதான், மகாராஜா. கொடுத்த பட்டும் அப்படியே இருக்கிறது. நிறுக்கச் சொல்லுங்கள்."

நிறுத்தார்கள். ஒரு நூல் குறையவில்லை.

நல்லாண்டி மண்ணில், பக்கத்துக்கு இரண்டு கட்டமாக ஒரு சதுரம் கீறினார். "இதில் நாலு கட்டம். பக்கத்தை நூற்றுக்கு ஐம்பது கூட்டினால் மூன்று கட்டம். இப்போது மொத்தம் எண்ணுங்கள், விருத்தகிரியாரே."

விருத்தகிரி இரண்டு தரம் எண்ணினார். "ஒன்பது."

"நீளம் மட்டுமா வளர்ந்தது? அகலமும் அல்லவா வளர்ந்தது? வட்டமும் அப்படித்தான். நாலு பங்கு பட்டு ஒன்பதாக வேண்டும். நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து கூட்ட வேண்டும். தாங்கள் கொடுத்தது ஆறு. விட்டுப்போன மூன்று பங்குதான் மகாராஜாவின் தலையில் வெயிலாகக் காய்கிறது."

வியர்வையைத் துடைத்துக்கொண்டே ராஜா சிரித்துவிட்டார். "செங்கோடனை விடுங்கள். நல்லாண்டி, உமக்கு என்ன வேண்டும்?"

"இரவெல்லாம் தைத்த அந்தக் கைக்கு ஒரு பொன் தட்டு. தங்கள் வெற்றிலைத் தட்டின் தடிமனே போதும். விட்டம் மட்டும் நூற்றுக்கு ஐம்பது கூடுதல்."

"நாலுக்கு ஒன்பது பங்கு பொன் கேட்கிறீர்" என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கொடுங்கள்" என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டிக்குப் போட்டார்.

விருத்தகிரி பொன் நிறுத்தார். நல்லாண்டி தராசுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நிற்கத்தான் வேண்டும்.