பாவாயி தைத்த லேபிள்

கரூர்ப் பக்கம் ஒரு தரைவிரிப்புக் கம்பெனி. அங்கே லேபிள் எழுதித் தைக்கிறவள் பாவாயி. ஒரு நாள் முதலாளி செங்கோட்டுவேலு மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நாளைக்கு வெளியூர் வியாபாரி வர்றார். லேபிள்ல 'நூறு சதவீதம்'னு பெருசா இருக்கோணும், கம்பளின்னும் இருக்கோணும். ஆனா பொய்யின்னு யாரும் சொல்லக் கூடாது. சொன்னா உன் வேலை போச்சு!"

விரிப்பிலோ பாதிக்கு மேல் நைலான். பாவாயி தலையாட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் வந்த வியாபாரி, விரிப்பிலிருந்து நூலை உருவி, தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். கம்பளி எரிந்தால் வரும் முடி கருகிய வாசம் லேசாகத்தான் வந்தது. மீதியெல்லாம் நைலானாதலால் உருகி உருண்டையாகிவிட்டது. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. வியாபாரி லேபிளைத் திருப்பி உரக்கப் படித்தார்.

"நூறு சதவீதம்! அதில் கம்பளி நாற்பது, நைலான் அறுபது."

"என்ன காரியம் பண்ணீட்ட?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"நீங்க சொன்னதெல்லாம் இருக்குதுங்க. பொய் மட்டுந்தானுங்க இல்லை."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். "நான் சரக்குக் கொடுக்கிற ஓட்டல் படிக்கட்டுக்கெல்லாம் நைலான் கலந்ததுதான் தேயாம உழைக்கும். கேட்டா எல்லாரும் சுத்தக் கம்பளின்னே சாதிக்கிறாங்க. ஐந்நூறு விரிப்பு அனுப்புங்க. லேபிளை இந்தம்மாவே எழுதட்டும்."

முதலாளி அசடு வழியத் தன் நாற்காலியையே அவள் பக்கம் நகர்த்தினார். பாவாயிக்கு உட்கார நேரமேது? ஐந்நூறு லேபிளுக்குத் துணி வெட்டச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.