செக்போஸ்டில் வைத்துவிட்டு வந்த மாப்பிள்ளை

கொக்கரப்பட்டிக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சொல்வது அபாண்டம். இருக்கிறது. நேரம் காலம் பார்க்காமல் அதை உபயோகிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் சுருளிவேலுக்கு மலைக்கு அந்தப் பக்கம் பெண் முடிவாகியிருந்தது. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். "அது தப்புச்சுன்னா எம் மச்சினனுக்கே பொண்ணைக் கட்டிருவேன்" என்று பெண்ணின் அப்பா பொன்னாண்டி கறாராகச் சொல்லியிருந்தார். சொந்தபந்தங்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். மாப்பிள்ளையையும் கல்யாணச் சாமான்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு சித்தப்பா சடையப்பன், பக்கத்து வீட்டு ஒச்சப்பன், டிரைவர் வீரணன் மூவரும் காலையில் கிளம்பினார்கள்.

மலை உச்சியில் செக்போஸ்ட். ஏட்டையா வேனைச் சுற்றிவந்தார், டயரைத் தட்டினார், பெர்மிட்டைப் புரட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்ததில் அவருக்கு வருத்தம்.

"அதுக்காகச் சும்மா போயிற முடியுமா? எதையாச்சும் வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மூவரும் வேனுக்குப் பின்னால் கூடினார்கள்.

"ரூவா வச்சிருவமா?" என்றான் வீரணன்.

"போர்டைப் படிடா. லஞ்சம் குடுத்தா ஜெயிலாம்ல. வேற சாமானாப் பாரு" என்றார் சடையப்பன்.

பார்த்தார்கள். கூறைச்சேலையை வைத்தால் பெண் எதைக் கட்டும்? அண்டாவை வைத்தால் சோறு எதில் பொங்குவது? தாலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"எந்த வேலையும் இல்லாம வேனுல சும்மா உக்காந்திருக்கிறது யாருன்னு பாருங்க" என்றான் ஒச்சப்பன்.

அது மாப்பிள்ளைதான். சுருளிவேலும் தங்கமான பையன். "என் கல்யாணத்துக்கு நானே இடைஞ்சலா இருக்கக்கூடாது சித்தப்பா" என்று மாலையும் கழுத்துமாக இறங்கிப்போய் ஏட்டையாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். வேன் கிளம்பிவிட்டது.

மண்டபத்து வாசலில் பொன்னாண்டி ஆரத்தித் தட்டோடு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை எங்க?"

"பத்திரமா போலீஸ்ல இருக்காரு சம்பந்தி."

மச்சினன் அதற்குள் பட்டு வேட்டி தேட ஆரம்பித்துவிட்டான். பொன்னாண்டி வாய்வார்த்தையாகச் சொன்னாரே தவிர, அவனுக்குப் பெண்ணைக் கொடுக்க அவருக்குத் துளியும் மனசில்லை. "திருப்புங்கடா வண்டியை!" என்று அவரே ஏறி உட்கார்ந்தார்.

இதற்குள் செக்போஸ்டில் ஏட்டையாவின் பிழைப்பு கெட்டிருந்தது. வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் மாலையோடு உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார்கள். ஏட்டையாவுக்கென்று மடித்து வைத்திருந்த நோட்டை அவன் கையில் மொய்யாகத் திணித்து, "நல்லாயிருங்க தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். நாலு பேர் முன்னால் மொய்யைப் பிடுங்க ஏட்டையாவுக்கே கூச்சமாக இருந்தது.

வேனைக் கண்டதும் ஓடிவந்தார். "இவனைக் கூட்டிட்டுப் போயிருங்கய்யா, புண்ணியமாப் போகும்!"

"உங்களுக்குன்னு வச்சதை எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார் சடையப்பன்.

"எனக்கு வேணாம்யா!"

"எம் மருமகனைப் புடிச்சு வைக்க நீ யாருய்யா?" என்று பொன்னாண்டி நடுவில் பாய்ந்தார். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூவரும் மறுபடி வேனுக்குப் பின்னால் கூடினார்கள்.

"ஏட்டையா பெருந்தன்மையா வேணாங்கறாரு. அதுக்காக எடத்தைக் காலியா விட்டுட்டுப் போகலாமா?" என்றார் சடையப்பன்.

"பதிலுக்கு ஒன்னு வச்சிருவோம்" என்றான் வீரணன். "சம்பந்தி இங்கதான இருக்காரு."

பெரியவர் சண்டையில் மும்முரமாக இருந்ததால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். "யோவ், இவரையும் ஏத்திக்கங்கய்யா!" என்று ஏட்டையா கத்தியது வேன் சத்தத்தில் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை மணவறையில். மண்டபமே பெருமூச்சு விட்டது. மச்சினன் பட்டு வேட்டியை மடித்து வைத்தான்.

"நேரம் நிறைய இருக்கு" என்றார் ஐயர். "தாரை வார்க்கணும். பொண்ணோட அப்பாவை வரச்சொல்லுங்கோ."

"அரை மணி நேரத்துல கூட்டியாந்துர்றோம் சாமி" என்ற சடையப்பன், மணவறை ஏறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி சுருளி. வேனுல ஏறு."