கேமராவுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் வரும் மூன்று அதிகாரிகளும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு நகராட்சி. கிழக்குப் பகுதியில் குழாய்த் தண்ணீர் நாறுகிறது, பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களிடம் பேச அதிகாரிகளைப் பழக்குவதற்காக மங்கையர்க்கரசி என்ற பயிற்சியாளரை அலறியடித்துக்கொண்டு வரவழைத்தார்கள். "தெரியாததைச் சொல்லாதீங்க. தெரிஞ்சதை மறைக்காதீங்க" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நேரலையாம்!

அந்த ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில்தான் தண்ணீர் திறப்பார்கள். வீட்டுக்கு வீடு டிரம்மில் பிடித்துவைத்துக் குடிப்பார்கள். அன்று திறக்கும் நாள். இன்னும் அரைமணிகூட இல்லை.

கிழக்குத் தொட்டிக் குழாயில் சாக்கடை கலப்பதை உதவிப் பொறியாளர் நஸீமா காலையிலேயே கண்ணால் பார்த்துவிட்டார். வால்வை மூடலாமா என்று கேட்டதற்கு ஆணையர் மகுடபதி, "மூடினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்று தடுத்துவிட்டார்.

முதலில் ஆணையர் பேசினார். அலுவலகக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, கேமராவுக்கு முன்னால் மடக் மடக்கென்று குடித்தார். "பாருங்க, நானே குடிக்கிறேன்!" பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டார். அலுவலகத்துக்கு வருவது மேற்குத் தொட்டித் தண்ணீர்.

அடுத்து சுகாதார அலுவலர் ஸ்டெல்லா. "பெற்றோர்களின் வேதனை புரிகிறது. பரிசோதனை முடிவு நாளை வந்ததும் சொல்கிறோம்" என்றார். ஒரு சொல் பிசகவில்லை.

பிறகு மைக் நஸீமாவிடம் நீண்டது. "மேடம், இன்னிக்குத் தண்ணி விடுவீங்களா?" பக்கத்திலேயே ஆணையர் நிற்கிறார். நஸீமா வாயே திறக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். ஸ்கூட்டரில் பறந்துபோய்க் கிழக்குத் தொட்டியின் வால்வை இறுக்கி மூடினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. 'பதில் சொல்லாமல் ஓடிய அதிகாரி' என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் அன்று செய்யவேண்டியதை முழுசாகச் செய்தவர் யார்?

விடை: நஸீமா என்றுதானே வாயெடுக்கிறீர்கள்? பொறுங்கள். முந்தாநாள் பிடித்த சாக்கடை கலந்த தண்ணீர் டிரம்களில் அப்படியே கிடந்தது. புதுத் தண்ணீர் வராததால் ஜனங்கள் அதையே குடித்தார்கள். ஆணையரே குடித்துக் காட்டினாரே, பயமென்ன! அந்த நேரத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் போயிருக்கக்கூடியது அந்த மைக் ஒன்றுதான். அதில் மூவரும் எச்சரிக்கவில்லை. அதனால் மூவரில் யாரும் இல்லை என்பதே விடை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், புதிதாகச் சேர்த்த பிள்ளையின் தாய் நஸீமாவைக் கேட்டாள்: "ஓடுறதுக்கு முன்னாடி, குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மேடம்?"