அரை மீசை உத்தரவு

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்து ராஜாவுக்கு விசித்திரமான யோசனை ஒன்று பிடித்துப்போயிற்று. சிறைவாசலைத் தாண்டி வெளியே வருகிற எவருக்கும் இடப்பக்க மீசையை மழித்துவிட வேண்டும். ஓராண்டு வரை பௌர்ணமிதோறும் மறுபடி மழிக்க வேண்டும். கண்டவுடன் ஜனங்கள் உஷாராகிவிடலாம் அல்லவா! இந்த யோசனையைச் சொன்னவர் மந்திரி மாவலிராயர். “ஒருவரை மழிக்காமல் விட்டாலும் உன் தலை போகும்” என்று சிறைக்காவலனையும் அவர் மிரட்டி வைத்திருந்தார்.

ஜனங்கள் நன்றாகவே உஷாரானார்கள். வேம்பன் என்ற கொத்தன் விடுதலையாகி வந்தபோது ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. பசி பொறுக்காமல் ஒரு படி அரிசியைத் திருடி இரண்டாம் முறையும் சிறைக்குப் போனான். மூன்றாம் முறை திருடினால் கையை வெட்டுவது அந்நாட்டுச் சட்டம். கொத்தனுக்குக் கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அவன் வெளியே வரும் நாள் வந்தது. “இவன் திருந்தவே மாட்டானா?” என்று ராஜா கேட்டார்.

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா, பிரபு?” என்றார் மாவலிராயர்.

“வாலை மிதிப்பதை முதலில் நிறுத்திப் பார்ப்போமே” என்றான் அரண்மனை விகடகவி இடும்பன்.

இடும்பன் மேல் ராயருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். “அப்படியானால் இவனே பிணை நிற்கட்டும். வேம்பன் திருடினால் இரண்டு பேர் கையும் போகட்டும்!” என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

இடும்பன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “ஆகட்டும் பிரபு. தாங்களும் ராயரும் சிறைக்கு வந்து அவனை ஒரு தடவை பாருங்கள்” என்றான்.

சிறைக்குள் வேம்பன் பூசியிருந்த சுவர் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ராஜா அசந்துபோய், ராயரோடு அவனையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் நாவிதன் கத்தி தீட்டிக்கொண்டு நிற்கிறான்!

“வெளிய வர்ற யாரையும் வுடக்கூடாதுன்னு ராயர் உத்தரவுங்க. எந் தலை போயிருமுங்க” என்று காவலன் நடுங்கினான்.

ராஜா மீசையைப் பொத்திக்கொண்டார். “யோசனை ராயருடையது. முதலில் அவர்!”

ராயரின் இடப்பக்க மீசை போயிற்று. “கைதிகளைப் போலவே ஒற்றை வேட்டியோடு வீடுவரை நடந்து போகட்டும் பிரபு. பிறகு தங்கள் முறை” என்றான் இடும்பன். தம் முறை தள்ளிப்போனால் போதும் என்று ராஜா உடனே சம்மதித்தார்.

உச்சி வெயில். ராயர் தண்ணீர் கேட்ட வீடெல்லாம் கதவைச் சாத்தின. சொந்த வீட்டு வாசற்காவலனே அடையாளம் தெரியாமல், “போடா அந்தாண்ட!” என்று தடியை ஓங்கினான். கடைசியில் மோர்க்காரியின் கலயத்தைப் பறித்துக்கொண்டு ஓடியவரை, ஊரே பிடித்து அரண்மனைக்கு இழுத்து வந்தது.

“ராயரே, திருடினீரா?”

“தாகம், பிரபு. கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் கொடுக்கவில்லை. என் வீட்டு வாசற்காவலனே தடியை ஓங்கினான்” என்றார் ராயர்.

“காலையில் மழித்தோம், மத்தியானம் திருடிவிட்டீர்!” என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வேம்பன் பக்கம் திரும்பினார். “நீ எத்தனை நாள் தாங்கினாய்?”

“நாப்பது நாளுங்க.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. வெட்கமாக இருந்தது அவருக்கு. மீசை உத்தரவையும் பிணையையும் அப்போதே ரத்து செய்தார். சிறையிலிருந்து வருகிறவனுக்கு அன்றைக்கே வேலை கொடுக்க வேண்டும் என்று புது உத்தரவு போட்டு, தம் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார்.

ராயர் அரை மீசையைத் தடவியபடி வேம்பனிடம் வந்தார். “என் வீட்டு மதில் சரிந்து கிடக்கிறது. நாளைக் காலையில் வருகிறாயா?”

“வர்றேனுங்க சாமி. வாசல்ல தடியோட நிக்கிற ஆளுகிட்ட மட்டும், நம்ம ரெண்டு பேரையும் உள்ள வுடச் சொல்லி வையுங்க!”

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை ராயரும் சேர்ந்து சிரித்தார்.