பத்துக் கிடாக்குட்டியும் ஒரு டப்பா பாசித் தூளும்

குண்டாம்பட்டிக்காரர்களைப் போலச் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஜனங்களை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. அவர்களிடம் இருக்கிற ஒரே கஷ்டமும் அதுதான்.

அந்த ஊரில் சடையாண்டி, ஒச்சப்பன் என்று அண்ணன் தம்பி. இருவருக்கும் மூத்தவள் மூக்கம்மா. மூவருக்குமாக நாற்பது பெட்டை ஆடும் ஒரு கிழட்டுப் பொலிகிடாவும் இருந்தன. தை மாதம் கிடா செத்துப்போயிற்று. பிறந்திருந்த பத்துக் கிடாக்குட்டிகளில் ஒன்றாவது பொலிகிடாவாகத் தேறினால்தான் மந்தை பெருகும். இல்லையென்றால் பிழைப்பு அம்போதான்.

கால்நடை டாக்டரம்மா ஒரு டப்பா பச்சைப் பாசித் தூள் கொடுத்தார். தீவனத்தில் கலந்து ஐந்து குட்டிக்குக் கொடுக்க வேண்டும், ஐந்துக்குக் கூடாது. தின்றவற்றுக்கு அடையாளமாகச் செங்காவி பூச வேண்டும். எவை நல்ல கிடாவாகின்றன என்று மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்பாராம்.

“மத்தபடி எதையும் மாத்தாதீங்க. வழக்கமா செய்யறதை அப்படியே செய்யுங்க” என்றார்.

முதல் நாளே சிக்கல். காவி முதலிலா, தூள் முதலிலா? தின்பதற்கு முன்னால் பூசினால் அது பொய்யாகிவிடும் என்றாள் மூக்கம்மா. பொய்க்குப் பயந்து பத்தையும் அவிழ்த்துவிட்டார்கள். பத்தும் தின்றன. பத்துக்கும் பூசினார்கள்.

பிறகுதான் ஐந்து தின்னக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஒச்சப்பன் கலங்கவே இல்லை. ஐந்து குட்டிகளைக் கிணற்றடிக்கு ஓட்டிப்போய்க் காவியைத் தேய்த்துக் கழுவிவிட்டான். தினமும் பத்து தின்னும், ஐந்து குளிக்கும்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா வந்தார். குட்டிகள் கொழுகொழுவென்று நின்றதில் அவருக்கு ஏக சந்தோஷம். விதைப்பையை அளக்க டேப்போடு முதல் குட்டியின் பின்னால் குனிந்தார். அடுத்ததன் பின்னால் குனிந்தார். பத்தாவதைப் பார்த்து நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“எங்கேய்யா?”

“காயடிச்சு எடுத்துட்டோம் தாயி” என்றான் சடையாண்டி. “குட்டி கொஞ்சம் வளர்ந்தா காயடிக்கிறது எங்க வழக்கம். நீங்கதான் வழக்கத்தை மாத்தக் கூடாதுன்னீங்க.”

“பொலிகிடாவுக்குன்னு ஒண்ணைக்கூடவா விட்டுவைக்கலை?”

“விட்டுவெச்சிருந்தோமே. அதுதானே தைமாசம் செத்துப்போச்சு.”

டாக்டரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூக்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள்.

“மனசை விட்டுடாதீங்க தாயி. டப்பாவில இன்னும் பாதித் தூள் கிடக்கு. இந்தத் தடவை வாயில வைக்காம, நேரா அந்த இடத்துலயே தடவிவிட்டுடறோம்.”

“அஞ்சுக்குத்தான் தடவணும்க்கா” என்றான் ஒச்சப்பன். “நீ பாட்டுக்குப் பத்துக்கும் தடவு. மிச்ச அஞ்சை நான் கழுவிடறேன்.”