வழி தவறி வந்த கடிதம்

வக்கீல் மரகதவல்லிக்கு நாற்பது வயது. அவருடைய ஜூனியர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் ஓய்வுபெற்ற பிறகு வக்கீலானவர், சட்டத்தில் இன்னும் பச்சைப்பிள்ளை. சீனியர் அவரை "அண்ணே" என்பார். அவர் சீனியரை "மேடம்" என்பார்.

அன்று காலை ஒரு தாள்கட்டோடு ஓடிவந்தார் அண்ணன்.

"மேடம், செண்பகம் கேஸ் ஜெயிச்சாச்சு!"

செண்பகம் மாணவர் விடுதியில் சமையல்காரி. பிள்ளைகளுக்குப் புழுத்த அரிசியைப் போடுகிறார்கள் என்று வெளியே சொல்லிவிட்டாள். விடுதி முதலாளி அவதூறு வழக்குப் போட்டார். தோற்றால் ஜெயிலுக்குக்கூடப் போக நேரும்.

எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா, வழக்கு நகல்களைத் தைத்து இவர்களுக்கு அனுப்பும்போது முதலாளியின் கடிதம் ஒன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டார். 'அரிசி புழுத்தது உண்மைதான். நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்' என்று தன் வக்கீலுக்கு எழுதியிருந்தார் முதலாளி.

"அவங்களுக்கே திருப்பி அனுப்பிடுங்கண்ணே," என்றார் மரகதவல்லி. "கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னதைக் கோர்ட் சாட்சியமா எடுக்காது."

"சட்டம் சரி மேடம். நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

அண்ணனுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. செண்பகத்துக்காக வந்த கோபம். மரகதவல்லிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போன நாள் அது.

மரகதவல்லி பீரோவைத் திறந்தார். செண்பகத்தின் கேஸ் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். முதன்முதலில் வந்தபோது அவள் அழுதுகொண்டே சொன்னதை அண்ணனே எழுதிவைத்த தாள்.

"ஜன்னல்கிட்ட நின்னு சத்தமா வாசிங்க."

கீழே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அண்ணன் கண்ணாடியை மாட்டினார். 'ஆறு மாசம் புழுவைப் பொறுக்கிட்டு நானேதான் வடிச்சுப் போட்டேன்.' கண் ஓடியது, வாய் திறக்கவில்லை.

"முடியாது மேடம். அந்தப் பொண்ணு என்னை நம்பிச் சொன்னது."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களேன்னு கேட்டாளா?"

"மூணு தடவை கேட்டா."

அண்ணன் தாளைப் பத்திரமாகக் கட்டுக்குள் வைத்தார். அப்புறம் நகல்களின் தையலைப் பிரித்து, கடிதத்தை ஒரு கவரில் போட்டார்.

"அப்போ செண்பகம்?"

"அந்தச் சோத்தைத் தின்ன பிள்ளைங்க அறுபது பேர் இருக்காங்க. நாளையிலிருந்து சாட்சி கேட்டு வீடு வீடா ஏறுவோம். உங்களுக்கும் சேர்த்து நானே டிபன் கட்டிட்டு வரேன்."

அண்ணன் கவரை ஒட்டினார். மனசு இன்னும் ஆறவில்லை.

"ஆனாலும் அந்த முதலாளி மோசமான ஆளு மேடம்."

"மோசமான ஆளுதான். அவரு நம்பிச் சொல்லவும் அங்க உங்களை மாதிரி ஒரு அண்ணன் இருப்பாருல்ல?"