குல்லாப் பிள்ளைக்குக் காவல்

மட்டியூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, புத்திக்குத்தான் பஞ்சம். அந்த ஊரிலிருந்து உடையப்பன், சோணமுத்து, நாகசாமி என்று மூன்று பேரைக் கடற்கரை ஆராய்ச்சிக்கூடத்தில் காவலுக்கு வைத்தார்கள். வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் எஸ்தர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டினார். உள்ளே கடல்நீரில் கடுகளவு ஓர் உயிர். பூதக்கண்ணாடியில் பார்த்தால், காதுமூடி தொங்கும் மங்கி குல்லா மாதிரியே இருந்தது.

"இது ரிப்பன் புழுவோட பிள்ளைப் பருவம். வளர்ந்தாத்தான் எந்த வகைப் புழுன்னு தெரியும். நான் மதுரை போயிட்டு வர்றேன். கண்ண எடுக்காமப் பாத்துக்குங்க. இது போச்சுன்னா உங்க வேலையும் போச்சு."

அன்றிலிருந்து உடையப்பன் கண்ணை எடுக்கவில்லை. சிமிட்ட வேண்டுமானால், "சிமிட்டப் போறேன்!" என்று கத்துவார். அந்த நேரத்துக்கு மற்ற இருவரும் பார்ப்பார்கள்.

ஏசி அறையில் பிள்ளைக்குக் குளிருமே என்று நாகசாமி தன் குல்லாவைக் குடுவைக்கு மாட்டினார். மாட்டியதும் பிள்ளை தெரியவில்லை. "குல்லாவுக்கு எதுக்குய்யா குல்லா?" என்று சோணமுத்து கேட்க, நாகசாமி அதைத் தன் தலைக்கே மாட்டிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் பார்த்தால், குடுவைக்குள் ஒரு குட்டிப் புழு, பிள்ளையின் கடைசித் துண்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மூடி மூடினபடியே இருக்கு. கொலைகாரன் எப்பய்யா உள்ள வந்தான்?" என்றார் உடையப்பன்.

"நீரு சிமிட்டினப்ப வந்திருப்பான்" என்றார் சோணமுத்து.

"நான்தான் சத்தமாச் சொல்லிட்டுச் சிமிட்டினேனே!"

"அதக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கான்."

நாகசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை போன துக்கம் பாதி, வேலை போகிற பயம் மீதி. அதற்குள் வாசலில் டாக்டரின் கார் ஹாரன் கேட்டது.

டாக்டர் உள்ளே வந்தார். குடுவை காலி. பக்கத்திலிருந்த பெரிய மீன் தொட்டியில், குல்லாவோடு கழுத்தளவுத் தண்ணீரில் நாகசாமி உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"பிள்ளைம்மா. நல்லா வளர்ந்துடுச்சு" என்றார் உடையப்பன்.

டாக்டர் காலிக் குடுவையைக் கையில் எடுத்தார். சோணமுத்துவுக்குத் தாங்கவில்லை. "ஒரு புழு பிள்ளையத் தின்னுடுச்சும்மா!" என்று காலில் விழுந்தார்.

டாக்டர் துள்ளிக் குதித்தார். "தின்னுடுச்சா! அதுக்குத்தானே காத்திருந்தேன்! பிள்ளைக்குள்ளயே புழு வளர்ந்து, பழைய உடம்பத் தின்னுட்டு வெளிய வரும். எங்க அந்தப் புழு?"

தொட்டிக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது.

"என்னையும் தின்ன வரும்னு பயந்தேன்மா. நான் முந்திக்கிட்டேன். ஒரே மடக்கு."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். "எந்த வகைன்னாவது பாத்தீங்களா?"

நாகசாமி நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"உப்புக் கரிக்கிற வகைம்மா."